ஜெனரேட்டர் வாங்கும் முன் போர் மோட்டாரைப் பாருங்கள்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்துவிட்டுப் போனபின், பட்டுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊருக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. மூன்றாம் நாளே அலைந்து திரிந்து 1 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்று வாங்கி வந்தேன். லைட் எரிந்தது, ஃபேன் சுற்றியது. போர் மோட்டாரைப் போட்டதும் ஒரு முக்கல், ஜெனரேட்டர் அணைந்தே போனது. “லைட்டு இல்லாம இருந்துடலாம்பா, தண்ணி இல்லாம?” என்றார் அம்மா.

அதனால் முதலில் மோட்டாரைப் பாருங்கள். ஸ்டார்ட்டர் பெட்டியில் ஆம்பியர் காட்டும் முள் இருக்கும். எங்கள் 1 எச்பி மோட்டார் ஓடும்போது 7 ஆம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 1,610; ஆயிரத்தால் வகுத்தால் 1.6 கேவிஏ. 2 கேவிஏ போதுமே என்று தோன்றும். போதாது. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் முள் ஒரு துள்ளு துள்ளும் பாருங்கள், அதுதான் கணக்கு. குறைத்து மூன்று மடங்கு என்று வைத்தாலே 4.8 ஆகிறது. 5 கேவிஏவுக்குக் கீழே இந்த மோட்டாரை நம்பிப் போட முடியாது. அப்போதும் மோட்டாரை முதலில் தனியாகப் போடுங்கள். அது சீராக ஓடத் தொடங்கிய பிறகு மற்றவை.

மற்றதெல்லாம் சில்லறை. ஃபேன் 75 வாட், எல்இடி பல்பு 9 வாட். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட் அளவுதான், ஆனால் கம்ப்ரசர் கிளம்பும்போது அதுவும் பல மடங்கு இழுக்கும். மோட்டார் வேண்டாம் என்றால் வீட்டுக்கு 2 கேவிஏ தாராளம். கடையில் சொல்லும் எண் உச்ச அளவா, தொடர்ந்து தரும் அளவா என்று கேட்டுவிடுங்கள். எல்லாம் ஓடும்போது ஆகும் மொத்தச் சுமையை, தொடர்ந்து தருவதில் முக்கால் பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சரி, பெரியதாகவே வாங்கிவிடலாமா? நாலு லைட்டுக்காக 5 கேவிஏவை ராத்திரி முழுக்க ஓட்டினால் பெட்ரோல் கட்டுப்படியாகாது. பங்க் வாசலில் கேனோடு நின்றவர்களுக்குத் தெரியும். நாங்கள் நான்கு வீட்டார் சேர்ந்து 5 கேவிஏ ஒன்று வாங்கினோம். வீட்டுக்கு அரை மணி நேரம், தண்ணீர் டேங்க் நிரம்பியதும் அடுத்த வீடு. ராத்திரிக்கு என் பழைய குட்டி ஜெனரேட்டர்தான்.

எதை வாங்கினாலும் வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ வைத்து ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு விஷ வாயு, அதற்கு வாசனை கிடையாது. எலக்ட்ரீஷியனை வைத்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச், அதாவது வீட்டை லைனோடு அல்லது ஜெனரேட்டரோடு மட்டும் இணைக்கும் சுவிட்ச், போட்டுக்கொள்ளுங்கள். அது இல்லாமல் ஜெனரேட்டர் வயரின் பிளக்கைச் சுவரில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால் அது லைனிலும் ஏறும். அந்த நேரத்தில் கம்பத்தின் மேல் லைன்மேன் இருப்பார்.