லண்டனில் இருந்து மட்டக்களப்பு: கூடுதல் 80 கிலோமீற்றருக்கு எட்டு மணித்தியாலம்

லண்டன் ஹீத்ரோவில் இருந்து கொழும்பின் சர்வதேச விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவுக்கு ஆகாயவழியாக ஏறக்குறைய 8,710 கிலோமீற்றர். அதே ஹீத்ரோவில் இருந்து மட்டக்களப்பு விமான நிலையத்துக்கு அளந்தால் 8,790 வரும். விமானம் வடமேற்கில் இருந்து வருவதால் நம்முடைய ஊர் சுமார் எண்பது கிலோமீற்றர்தான் கூட. ஆனால் லண்டன், ரொறன்ரோ விமானங்கள் நம்மூரில் இறங்குவதில்லை. கட்டுநாயக்கவில் இறங்கித் தீவைக் குறுக்கே கடக்கவேண்டும். அது தரைவழியில் 300 கிலோமீற்றர் அளவு, ஏழெட்டு மணித்தியாலம்.

லண்டனில் இருந்து நேரடி விமானம் பத்தரை, பதினொரு மணித்தியாலத்தில் வந்துவிடும். திரும்பும்போது எதிர்க்காற்றால் இன்னும் ஒரு மணித்தியாலம் கூடலாம். ரொறன்ரோக்காரர் பாடு வேறு. தூரம் 14,000 கிலோமீற்றர், நேரடி விமானமும் இல்லை. இடையில் மாறி ஏறும் நேரத்தோடு இருபது மணித்தியாலம் தாண்டும். இலங்கை மணிக்கூடும் ரொறன்ரோவை விடப் பனிக்காலத்தில் பத்தரை, கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் முன்னால் ஓடும். வெள்ளி இரவு ஏறுபவர் ஞாயிறு விடியத்தான் இறங்குவார். ஞாயிறு காலை முகூர்த்தம் என்றால் தாலி கட்டுவதைப் போனில்தான் பார்க்கவேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது விலையோடு இறங்கும் நேரத்தையும் பாருங்கள். விடியற்காலையில் இறங்கினால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று பகல் வெளிச்சத்திலேயே ஓடி, ஓட்டமாவடிப் பாலம் தாண்டிப் பின்னேரத்துக்குள் வீடு சேரலாம். மாலையில் இறங்குபவர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் ஒரு இரவு தங்குவதே புத்தி. ஹபரணை, மின்னேரியாப் பக்கம் இருட்டினால் யானை றோட்டுக்கு வரும். 2025 பெப்ரவரியில் அந்தப் பக்கம் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன.

ஊரில் இருந்து வான் அனுப்புகிறோம் என்பார்கள். சரி, வரட்டும். ஆனால் ட்ரைவர் தம்பி இரவெல்லாம் ஓடிவந்து, உங்களை ஏற்றியவுடன் அப்படியே திரும்புவாரா என்று கேளுங்கள். இரண்டாவது ட்ரைவர் வேண்டும், அல்லது அவர் நாலு மணித்தியாலமாவது படுக்கவேண்டும். கூட்டிப்போக வருகிறோம் என்று சித்தி, மாமி, பிள்ளைகள் எல்லாரும் ஏறிவந்தால் உங்கள் பெட்டிகளுக்கு இடமிருக்காது. இதை முதலே சொல்லிவிடுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

பெட்டி குறைவென்றால் கொழும்புக் கோட்டையில் இருந்து காலையில் புறப்படும் உதயதேவி ரயில் நல்லது. பகல் முழுக்கப் பயணம்தான், ஆனால் கால் நீட்டி நடக்கலாம். இருக்கையை முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். தண்டவாளம் மட்டக்களப்போடு முடிந்துவிடும். கல்முனைக்கு அங்கிருந்து பஸ்ஸில் இன்னும் 40 கிலோமீற்றர் அளவு, திருக்கோவில், பொத்துவில் அதற்கும் தெற்கே. பொத்துவில்காரர் வானில் வருவதென்றால் வெல்லவாய, மொனராகலை வழியையும் விசாரித்துப் பாருங்கள்.

திரும்பும் நாளில் விமானம் ஏறுவதற்குப் பன்னிரண்டு மணித்தியாலம் முன்பாவது வீட்டை விட்டு வெளிக்கிடவேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை. பொலன்னறுவைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் றோட்டை மூடினால் அந்தப் பன்னிரண்டும் போதாது. அந்த மாதங்களில் முதல்நாளே போய் நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள்.