கவுன்சிலிங், சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸ் படிக்க அமெரிக்கா வருபவர்களுக்கு: பட்டத்தோடு லைசென்ஸ் கணக்கையும் பாருங்கள்

மனநலக் கவுன்சிலிங்கிலோ சோஷியல் வொர்க்கிலோ மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறீர்களா? வகுப்பு சூடு பிடிப்பதற்குள் துறையின் மாணவர் கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகம். தொழில் செய்ய லைசென்ஸ் கொடுப்பது மாநில போர்டு. வேலை செய்ய அனுமதி தருவது குடியேற்றத் துறை. மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்து உங்களுக்கு வழி சொல்ல எந்த அலுவலகமும் இல்லை. அந்த வேலை உங்கள் தலையில்தான்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருபவர்களைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய கவலை, லைசென்ஸுக்குத் தேவையான காலமும் ஓபிடி (படிப்பு முடிந்தபின் துறை சார்ந்த வேலை செய்ய மாணவர்களுக்குத் தரும் அனுமதி) காலமும் ஒத்துப்போகாததுதான். டெக்சஸில் முழு கவுன்சிலர் லைசென்ஸ் வாங்க, பட்டத்துக்குப் பிறகு சூப்பர்வைசரின் கீழ் 3,000 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். அதில் 1,500 மணி க்ளையண்டுகளோடு நேரடியாக. எவ்வளவு வேகமாக ஓடினாலும் 18 மாதத்துக்குக் குறையக் கூடாது. கலிபோர்னியாவிலும் 3,000 மணிதான், குறைந்தது 104 வாரம். ஓபிடியோ 12 மாதம். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு இதற்கு இருக்கும் என்று நம்பி வந்துவிடாதீர்கள். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் உங்கள் ஐ-20 படிவத்தில் படிப்பின் பெயரை ஒட்டி ஆறு இலக்க எண் இருக்கும். மனநலக் கவுன்சிலிங்குக்கு 51.1508, சோஷியல் வொர்க்குக்கு 44.0701. இரண்டுமே ஸ்டெம் பட்டியலில் இல்லை.

ஆக, மணிக்கணக்கு முடிவதற்குள் ஓபிடி முடிந்துவிடும். அதற்கு மேல் வேலை கொடுப்பவர் எடுத்துத் தரும் எச்-1பி வேலை விசா வேண்டும். வேலை தேடும்போதே அதைப் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். பல்கலைக்கழகங்களுக்கும் அவற்றோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகளுக்கும் அந்த விசாவுக்கான வருடாந்திர லாட்டரி கிடையாது; அங்கே முதலில் முயற்சி செய்வது நல்லது.

எந்த மாநிலத்தில் குடியேறப் போகிறீர்கள் என்பதும் முக்கியம். ஒரு படிப்பு எந்தெந்த மாநில லைசென்ஸுக்குப் போதும், எதற்குப் போதாது என்ற பட்டியலை, மத்திய அரசு நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் பல்கலைக்கழகங்கள் 2020 ஜூலையிலிருந்து வெளியிட்டாக வேண்டும். அட்மிஷன் ஆபீஸில் வாய்வார்த்தையாகச் சொல்வதை விட்டுவிட்டு அந்தப் பட்டியலைப் பாருங்கள். கவுன்சிலிங் என்றால் கேக்ரெப் அங்கீகாரம், சோஷியல் வொர்க் என்றால் சிஎஸ்டபிள்யூஇ அங்கீகாரம் (இரண்டும் அந்தந்தத் துறைப் படிப்புகளை அங்கீகரிக்கும் அமைப்புகள்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்புறம் களப்பயிற்சி. கேக்ரெப் படிப்பில் மொத்தம் 60 கிரெடிட். பிராக்டிகம் 100 மணி, இன்டர்ன்ஷிப் 600 மணி. எம்.எஸ்.டபிள்யூ.வில் (சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸ்) குறைந்தது 900 மணி. பெரும்பாலும் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லை என்பதால் அனுமதி தேவையில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வளாகத்துக்கு வெளியே என்றால் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் சிபிடி (படிக்கும்போதே இப்படிப் பயிற்சிக்குப் போகத் தரும் அனுமதி) பற்றிக் கேட்டு, புது ஐ-20 கையில் வந்த பிறகு, அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து மட்டும் போங்கள். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டால் ஓபிடி மொத்தமாகப் போய்விடும். வாரம் 20 மணிக்குள் இருந்தால் அந்தப் பயம் இல்லை.

மணிக்கணக்குத் தாளை வாராவாரம் நிரப்பிக் கையெழுத்து வாங்குங்கள். க்ளையண்டோடு உட்கார்ந்து பேசிய நேரம் ஒரு கட்டத்தில், நோட்ஸ் எழுதியதும் மீட்டிங் போனதும் இன்னொரு கட்டத்தில். இன்டர்ன்ஷிப்பின் 600ல் 240 மணியாவது முதல் கட்டத்தில் வர வேண்டும். மொத்தம் முடிந்தும் நேரடி மணி போதாமல் தவிப்பவர்கள் உண்டு. க்ளையண்ட் வராத நாளெல்லாம் இரண்டாவது கட்டத்துக்குத்தான் போகும். சூப்பர்வைசர் நடுவில் வேலையை விட்டுப் போய்விட்டால் பழைய மாதங்களுக்குக் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு.

மணி குறைந்தால் பட்டம் தள்ளிப்போகும். அப்படித் தெரிந்தால், ஐ-20 முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்பு கேட்டுவிடுங்கள். கடைசி செமஸ்டரில் கிரெடிட் குறைவாக எடுக்கவும் முன்அனுமதி வேண்டும். பட்டமளிப்புக்குத் தனி விண்ணப்பம் கேட்கும் பல்கலைக்கழகங்கள் பல. அதன் கெடு சீக்கிரமே வந்துவிடும். ஓபிடிக்கு, படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிந்து 60 நாள் ஆகிவிட்டால் வழியில்லை. ஓபிடி ஓடும்போது மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமலும் இருக்கக் கூடாது. டெக்சஸில், முழு லைசென்ஸுக்கு முன் வாங்கும் அசோசியேட் லைசென்ஸ் இல்லாமல் அந்த 3,000 மணியை எண்ண ஆரம்பிக்க முடியாது. அதற்கான தேர்வைப் படிக்கும்போதே எழுத முடியுமா என்று துறையில் கேளுங்கள்.

தமிழ்நாட்டிலேயே, சென்னை சமூகப் பணிக் கல்லூரி போன்ற இடங்களில் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு, குடும்பத்தோடு இங்கே வருபவர்களும் இருக்கிறார்கள். இன்னொரு எம்.எஸ்.டபிள்யூ.வுக்குப் பணம் கட்டும் முன் கொஞ்சம் பொறுங்கள். வெளிநாட்டு சோஷியல் வொர்க் பட்டங்களை மதிப்பிட்டுச் சொல்லும் சேவை சிஎஸ்டபிள்யூஇயிடமே இருக்கிறது. பல மாநில போர்டுகள் அதை ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் மாநிலத்தில் செல்லுமா என்று போர்டுக்கு ஈமெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே மதிப்பெண் பட்டியல், பாடத்திட்டம், களப்பணி மணி நேரத்துக்கான கடிதம் மூன்றையும் கல்லூரி முத்திரையோடு வாங்கி வந்துவிடுங்கள்.