பார்க்கும் முன்பே தெரிந்துவிட்ட எண்

மாறொளி விண்மீன் (பிரகாசம் ஏறி இறங்கும் விண்மீன்) பார்க்கத் தொடங்கியவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால் என்னுடைய பழைய நோட்டைத் திறந்த மாதிரியே இருக்கிறது: அதே தவறுகள். கண் இருட்டுக்குப் பழகும் முன் பார்ப்பது, தாங்கியைச் சரியாக முடுக்காதது எல்லாம் இரண்டாம் இரவிலேயே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

மற்றவர்களின் மதிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது

இதை நினைத்தால் இன்னமும் எரிச்சல் வருகிறது. சிம்ம மண்டலத்தில் ஆர் லியோனிஸ் என்று ஒரு சிவப்பு விண்மீன். சுமார் 310 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும். அப்போதெல்லாம் தொலைநோக்கியை எடுக்கும் முன் அதன் ஒளிவளைகோட்டை (மற்றவர்களின் மதிப்புகளை நாள்வாரியாகக் காட்டும் வரைபடத்தை) ஒரு பார்வை பார்த்துவிடுவேன். 'இறங்குமுகம், இன்றைக்கு எட்டரை இருக்கும்' என்று மனதில் ஓடும். (பிரகாசத்தை மேக்னிட்யூட் என்ற எண்ணால் சொல்வோம். எண் கூடக் கூட விண்மீன் மங்கல்.) ஐபீஸில் கண்ணை வைத்தால் சொல்லிவைத்தாற்போல எட்டரை! மூன்று வாரத்தில் 8.3, 8.5, 8.6, 8.9 என்று நாலு பதிவு. அழகான சரிவு. பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாம் முறைதான் உறைத்தது. என் தொலைநோக்கியில் ஐபீஸுக்கு முன்னால் இருந்த கண்ணாடி இடப்பக்கத்தை வலப்பக்கமாக மாற்றிக் காட்டும். நான் வைத்திருந்ததோ அப்படி மாற்றாத சார்ட் (விண்மீன் வரைபடம்). சரியான சார்ட்டை எடுத்துப் பார்த்தால், இத்தனை நாளும் பார்த்தது பக்கத்து விண்மீன். அது மாறவே மாறாதது. என் நோட்டில் மட்டும் 0.6 மேக்னிட்யூட் மங்கியிருக்கிறது.

விண்மீனை மாற்றிப் பார்த்ததுகூடப் பெரிய விஷயமில்லை. எண் தெரியாமல் போயிருந்தால் மூன்றாம் முறையே 'இது ஏன் அசையவில்லை?' என்று சந்தேகம் வந்திருக்கும். தெரிந்த எண் அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து விழுங்கிவிட்டது. எல்லோருடைய மதிப்புகளையும் சேர்த்துவைப்பவர்களுக்கு விசித்திரமான மதிப்பை அனுப்பினால் யாராவது கேள்வி கேட்பார்கள். வளைகோட்டில் பாந்தமாக உட்காரும் பொய் மதிப்பை யார் கேட்பார்கள்? மிரா என்ற மாறொளி விண்மீனையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 332 நாள் சுற்று. ஒரு சுற்றில் 2 வரை பிரகாசமாகும், இன்னொன்றில் 4-ஐத் தாண்டாது. அந்த வித்தியாசத்துக்காகத்தானே இரவில் விழித்துக்கொண்டிருக்கிறோம்?

இப்போது நான் எண்ணையே முதலில் எழுதுவதில்லை. '84-க்கும் 91-க்கும் நடுவில், கொஞ்சம் 84 பக்கம்' என்று மட்டும் எழுதுவேன். (சார்ட்டில் 84 என்றால் 8.4 மேக்னிட்யூட் உள்ள, ஒப்பிடுவதற்கான மாறாத விண்மீன். புள்ளி வைத்தால் அதுவும் ஒரு விண்மீன்போலத் தெரியும் என்பதால் வைப்பதில்லை.) கணக்கு வீட்டுக்குள் வந்த பிறகு. எந்த இரண்டு விண்மீனோடு ஒப்பிட்டேன் என்பதையும் சேர்த்தே அனுப்புவேன். பின்னால் அவற்றின் மதிப்பு திருத்தப்பட்டாலும் என் பதிவு வீணாகாது.

சிவப்பு விண்மீனை முறைப்பது

முறைக்க முறைக்கப் பிரகாசமாகத் தெரியும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுங்கள்.

தெரியாத இரவை எழுதாமல் விடுவது

ஆர் கொரோனே போரியாலிஸ் என்ற மாறொளி விண்மீன் வழக்கமாக 6-ஐ ஒட்டி இருக்கும். திடீரென்று 14 வரைகூட விழும். அப்படி விழுந்தபோது 'கிடைக்கவில்லை' என்று பக்கத்தை வெறுமையாக விடுகிறார்கள். அன்று தெரிந்த மிக மங்கலான ஒப்பீட்டு விண்மீன் 12.4 என்றால் '<12.4' என்று எழுதி அனுப்புங்கள், 12.4-ஐவிட மங்கல் என்று பொருள். அதுவும் முழுப் பதிவுதான்.

நேரம்

உலக நேரத்தில் (UT) எழுதுங்கள். ஜூலியன் நாள் (நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் வானியல் கணக்கு) மாறுவது நண்பகலில், நள்ளிரவில் அல்ல.

வால்மீனைப் புள்ளியோடு ஒப்பிடுவது

வால்மீனின் தலை பஞ்சுபோலப் பரவியிருக்கும். கூரான விண்மீனோடு அப்படியே ஒப்பிட்டால் மதிப்பு தவறும். முதலில் தலையின் அளவை மனதில் பதியுங்கள். அப்புறம் ஃபோகஸைக் கலைத்து விண்மீனை அதே அளவுக்கு ஊதிவிட்டு ஒப்பிடுங்கள். எந்தக் கருவி என்றும் குறியுங்கள். பெரிய தொலைநோக்கியில் அதே வால்மீன் பைனாகுலரில் தெரிந்ததைவிட மங்கலாக மதிப்பிடப்படுவது வழக்கம்.

படத்தில் பார்த்ததை வரைவது

2025 மார்ச்சில் சனியின் வளையம் விளிம்பைக் காட்டியபடி நமக்கு நேராக வந்தது. அதன் பின்னும் சில மாதங்கள் மெல்லிய கீற்றாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் புதியவர் ஒருவர் காட்டிய ஓவியத்தில் காசினி இடைவெளி (வளையங்களுக்கு நடுவே உள்ள கறுப்புப் பிளவு) சுற்றுமுழுக்கக் கறுப்பாக ஓடியது. சிறிய தொலைநோக்கியில் அன்று அது தெரிய வழியே இல்லை. 1610-ல் கலிலியோவுக்கு அது வளையம் என்றே தெரியாது. இரண்டு பக்கமும் இரண்டு உருண்டை தெரிந்தது, அப்படியே வரைந்தார். 1612-ல் அவை காணாமல் போயின. குழம்பிப்போனார், அதையும் எழுதிவைத்தார்.