வீடு கட்டறீங்களா? பிளானை மூளைக்கும் ஒருக்கா காட்டிருங்க

நம்மூர்ல வீடு கட்டறோம்னா எலிவேஷன், போர்டிகோ, ஈசானி மூலைன்னு இஞ்சினியருக்கும் வாஸ்துக்காரருக்கும் நடுவுல நடையா நடப்போமுங்க, ஆனா உள்ள படுக்கறவங்க எதைப் பாத்துட்டு படுப்பாங்க, எந்த சத்தத்துல தூங்குவாங்கன்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. இதைக் கேக்கறதுக்குன்னே 2003ல அமெரிக்காவுல சான் டியேகோவுல ஆர்க்கிடெக்டுகளும் மூளை ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து ஒரு அகாடமியே ஆரம்பிச்சாங்க. நம்ம பட்ஜெட்டுக்கு ஆகறதை மட்டும் சொல்றேன், பிளான் பேப்பர்ல இருக்கறப்பவே மாத்திக்கோங்க.

முதல்ல ஜன்னல். ரோஜர் உல்ரிச்ங்கற ஆராய்ச்சிக்காரரு பென்சில்வேனியாவுல ஒரு ஆஸ்பத்திரி ரெக்கார்டை அலசி 1984ல எழுதினாரு, பித்தப்பை ஆபரேஷன் பண்ணின 46 பேர்ல பாதிப் பேருக்கு ஜன்னல்ல மரம் தெரிஞ்சுது, மீதிப் பேருக்கு செங்கல் செவுரு. மரம் பாத்தவங்க சீக்கிரமா வீட்டுக்குப் போயிருக்காங்க, வீரியமான வலி மருந்தும் கம்மியாத்தான் வாங்கியிருக்காங்க. மூளையை ஸ்கேன் எடுத்துப் பண்ணினது இல்லைதான், ஆனா கட்டடம் மனுசனை என்ன பண்ணுதுங்கற பேச்சே பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். இப்ப நம்ம ஜன்னலைப் பாருங்க, தரையில இருந்து 3 அடி ஒசரத்துல வெப்பாங்க, கட்டில்ல படுத்தா கண்ணு 2 அடியிலதான் இருக்கும், ஆக படுத்தவங்களுக்கு தெரியறது வானமும் பக்கத்து வீட்டு தண்ணி டேங்கும்தான். அப்பாரு ஆத்தா படுக்கற ரூமுக்காவது 2 அடியில வெக்கச் சொல்லுங்க, கிரில் கட்டாயம் போட்டு. வெளிய ஒரு வேம்பு வெச்சா போதும் (முருங்கை வேண்டாமுங்க, கம்பளிப்பூச்சி உள்ள வந்துரும்).

அடுத்து வெளிச்சம். கண்ணுக்குள்ள ஒரு வகை செல் இருக்குது, 2002 வாக்குலதான் அதோட வேலை தெளிவாச்சு, உருவம் காட்டறதை விட இது பகலா ராத்திரியான்னு மூளையில இருக்கற கடிகாரத்துக்கு சொல்றதுதான் அதோட முக்கிய வேலை, நீல வெளிச்சம்னா ரொம்ப உஷாராயிரும். அதனால காலையில நேரம் போக்கற இடம், சமையக்கட்டோ பசங்க படிக்கற டேபிளோ, கெழக்கால ஜன்னலோட இருக்கோணும், இதுக்கு வாஸ்துக்காரரும் சண்டைக்கு வரமாட்டாரு. பெட்ரூமுக்கு பல்ப் வாங்கறப்ப அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்க, 6500 கேன்னு (நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம்) போட்டிருந்தா வெச்சுட்டு 2700 இல்லைன்னா 3000 கே (மஞ்ச வெளிச்சம்) கேட்டு வாங்குங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல டியூப்லைட்டை அணைச்சு பழகுங்க. மேக்கால ஜன்னலை மட்டும் வெயிலுக்குப் பயந்து அடைச்சறாதீங்க, பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து வர்ற ஆடிக் காத்து அந்தப் பக்கந்தான், சன்ஷேடை நல்லா நீட்டி விட்டுட்டு ஜன்னலை வெய்யுங்க.

வயசானவங்க இருக்கற வீட்டுல இன்னொண்ணு. இடத்தை ஞாபகம் வெக்கறது மூளையில ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி, எலி மூளையில அதுக்கான செல்லை 1971ல ஜான் ஓ'கீஃப் காட்டினாரு, 2014ல நோபல் வாங்கினவங்கள்ல அவரும் ஒருத்தரு. மறதி நோய்ல சீக்கிரமே அடி வாங்கறது அந்தப் பகுதிதான். ஒரே மாதிரி நாலு கதவு வரிசையா நின்னா அவங்க நடுராத்திரியில தடுமாறிப் போயிருவாங்க. கட்டில்ல இருந்து பாத்தாலே பாத்ரூம் கதவு தெரியறாப்பல வெய்யுங்க, அந்தக் கதவுக்கு வேற கலர் அடிங்க, தரையோரமா ஒரு மஞ்ச லைட்டு.

சோமனூர் பல்லடம் பக்கம் தறி சத்தம் பழகிப்போச்சும்பாங்க. காது தூங்கறதில்லைங்க, முழிக்காட்டியும் நெஞ்சுத் துடிப்பு ஏறி எறங்கும். 1975ல வந்த ஆராய்ச்சியில, நியூயார்க்ல ரயில் பாதையோரத்து வகுப்புப் பசங்க அதே ஸ்கூல்ல அமைதியான பக்கத்துப் பசங்களை விட படிப்புல பின்தங்கியிருந்தாங்க, பின்னாடி சத்தத்தைக் கொறைச்சுட்டு மறுபடி பாத்தப்ப அந்த வித்தியாசம் போயிருச்சு. தறி இருக்கற பக்கம் மாடிப்படி, ஸ்டோர், பாத்ரூமைத் தள்ளிட்டு படுக்கற ரூமை எதிர்ப்பக்கம் போடுங்க.

வளைஞ்ச செவுரு மூளைக்கு புடிக்கும்னு சொல்லி விக்கறவங்க வருவாங்க. 2013ல ஸ்கேன் மெஷினுக்குள்ள படுக்க வெச்சு ரூம் படத்தைக் காட்டினப்ப வளைவான ரூமைத்தான் அழகுன்னு நெறைய சொன்னாங்கங்கறது நெசந்தான், ஆனா படத்தைப் பாத்தாங்களே ஒழிய அங்க யாரும் குடியிருக்கலை. கொத்தனார் கூலி ஏறும், பீரோவும் செவுத்தோட ஒட்டி நிக்காது, காசு மிச்சமிருந்தா பாத்துக்கலாம்.