பெஞ்ச் வாங்கப் போறீங்களா, முதல்ல முழங்காலுக்கு கீழ அளந்துக்கோங்க

வீட்டுல வெயிட் அடிக்கலாம்னு முடிவு பண்ணவங்க பெஞ்ச் வாங்கும்போது எத்தனை கிலோ தாங்கும், மடிக்க முடியுமா, என்ன விலைன்னு எல்லாம் பாப்பாங்க, உயரத்த மட்டும் யாரும் பாக்கறதில்ல. நானும் பாக்கல. என் ஹைட் 5 அடி 3 இன்ச், வாங்கின பெஞ்ச் 48 செ.மீ. படுத்தா குதிகால் தரைல படாது, நுனிக்கால்லயே ஊனிக்கிட்டு ரெண்டு மாசம் பெஞ்ச் பிரஸ் (மல்லாக்க படுத்து வெயிட் மாட்டின பார நெஞ்சுல இருந்து மேல தள்றது) பண்ணேன், ஒவ்வொரு செட்டுக்கும் அடி முதுகு வில்லு மாதிரி வளைஞ்சு வலி எடுத்துடும். ஃபார்ம் தப்புன்னு நெனச்சு கைய மாத்தி மாத்தி பாத்தேன், கடைசில பாத்தா பிரச்சனை கால்ல இருந்திருக்கு.

பெஞ்ச் பிரஸ்ல கால் சும்மா இருக்காதுங்க, பாதம் முழுசா தரைல பதிஞ்சு அழுத்தினாத்தான் உடம்பு ஆடாம நிக்கும், அந்த பலத்துலதான் பார் மேல போகும்.

அளக்கறது ஈஸி. எந்த ஷூ போட்டு அடிப்பீங்களோ அதையே போட்டுக்கிட்டு ஒரு சேர்ல உக்காருங்க, தொடை தரைக்கு சமமா இருக்கணும், தரைல இருந்து முழங்கால் மடிப்புக்கு பின்பக்கம் வரைக்கும் டேப் வச்சு பாருங்க. எனக்கு ஷூவோட 42 செ.மீ வந்துச்சு. பெஞ்ச் அந்த அளவுலயோ ஒரு ரெண்டு மூணு செ.மீ முன்ன பின்னயோ இருந்தா போதும். குஷன் சாஃப்டா இருந்தா படுத்ததும் அமுங்கும், அதையும் கணக்குல எடுத்துக்கோங்க. கடைல வாங்குறீங்கன்னா கூச்சப்படாம படுத்தே பாருங்க, குதிகால் பதியுதா, கால கொஞ்சம் பின்னாடி இழுத்தாலும் பதியுதான்னு.

பெஞ்ச் பிரஸும் ஒரு பிரிவா இருக்கிற பவர்லிஃப்டிங் போட்டிக்கு சர்வதேச ஃபெடரேஷன் வச்சிருக்கிற அளவு தரைல இருந்து 42ல இருந்து 45 செ.மீ, அகலம் 29ல இருந்து 32. நடுத்தர ஹைட் உள்ளவங்களுக்கு இது நல்லாவே செட் ஆகும். ஆன்லைன்ல கிடைக்கிற சாய்க்கிற டைப் பெஞ்ச்ல சீட்டுக்கு அடியில மெக்கானிசம் இருக்கறதால உயரம் கூடிடும், குள்ளமானவங்க இதுலதான் மாட்டுவோம். ஃபோட்டோவ பாத்து முடிவு பண்ணாதீங்க, தட்டையா வச்சா தரைல இருந்து எவ்வளவுன்னு கேட்டு வாங்குங்க. ரொம்ப உயரமானவங்களுக்கு நேர்மாறு, பெஞ்ச் தாழ்வா இருந்தா முட்டி மேல ஏறிடும், கால அழுத்தினா இடுப்பு பெஞ்ச விட்டு எழும்பிடும்.

ஏற்கனவே உயரமான பெஞ்ச் வாங்கிட்டீங்களா, தூக்கி போடாதீங்க. 18 எம்எம் பிளைவுட்ட ரெண்டு பாதத்துக்கும் தனித்தனியா வெட்டி, ரெண்டு ரெண்டா ஒட்டி, அடியில ரப்பர் ஒட்டிக்கோங்க, கிட்டத்தட்ட நாலு செ.மீ வந்துடும். நான் இதான் பண்ணேன், முதல் நாளே முதுகு வலி கொறைஞ்சுது. போட்டியிலயே காலுக்கு கட்டை வச்சுக்க விடுறாங்க, அதனால இதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா பெஞ்ச் தாழ்வா இருக்குன்னு அதோட காலுக்கு அடியில செங்கல் மட்டும் வச்சிடாதீங்க, பார் கழுத்துக்கு மேல இருக்கும்போது ஒரு செங்கல் நகர்ந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

ஹிப் த்ரஸ்ட் (மேல் முதுக பெஞ்ச்ல சாச்சுக்கிட்டு இடுப்ப வெயிட்டோட மேல தூக்குறது) நெறய பண்றவங்களுக்கு 35ல இருந்து 40 செ.மீதான் சௌகரியம், அதுக்கு தனியா ஒரு சின்ன பாக்ஸ் வச்சுக்கறது நல்லது.

மொட்டை மாடில போடுறவங்களுக்கு இன்னொன்னு. மழைத்தண்ணி வடியறதுக்காக அங்க தரை சரிவா இருக்கும், பெஞ்ச குறுக்க போட்டா ஒரு பக்கம் சாஞ்சு பாரும் அந்தப் பக்கமே இழுக்கும். ஒரு மக் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க, அதே திசைல நீளவாக்குல, தலை மேட்டுப் பக்கம் வர்ற மாதிரி போடுங்க.