முன்பக்கம் 'டக் டக்': பாகத்தை மாற்றுவதற்கு முன் நடக்கும் தவறுகள்

சின்னப் பள்ளத்தில் இறங்கும்போது காரின் முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நல்ல சாலையில் ஒன்றுமே இல்லை. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, "ஷாக் அப்சார்பர் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள்.

என் காரில் அப்படித்தான் இரண்டு ஷாக்கும் புதிதாக ஏறின. வண்டியை வெளியே எடுத்து முதல் பள்ளத்தில் இறக்கினேன். அதே சத்தம். கடைசியில் பழுது இருந்தது விரல் தடிமனுள்ள ஒரு லிங்க் ராடில். வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் கம்பி அது. கழற்றிப் போட்ட பழைய ஷாக்குகளில் எண்ணெய் கசிந்த அடையாளம்கூட இல்லை. நல்ல பாகத்தைக் கழற்றி எறிந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காதை நம்பி இடம் சொல்வது

முன்பக்கத்துப் பாகங்கள் எல்லாம் சப்ஃப்ரேம் என்ற இரும்புச் சட்டத்திலோ பாடியிலோ பூட்டப்பட்டவை. இரும்பு வழியாகச் சத்தம் எங்கும் ஓடும். இடது பக்கம் தட்டுவது வலது காலடியில் கேட்பது சாதாரணம். 'எங்கே' என்ற கேள்வியை விட்டுவிட்டு 'எப்போது' என்று முதலில் கேளுங்கள்.

15, 20 கிலோமீட்டர் வேகத்தில், கரடுமுரடான சாலையில், ஒரு சக்கரம் ஏறி ஒரு சக்கரம் இறங்கும்போது லொடலொடவென்று வந்தால் முதல் சந்தேகம் லிங்க் ராடும், ஸ்டெபிலைசர் பாரைப் பிடித்திருக்கும் ரப்பர் புஷ்ஷும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறி இறங்கும் வேகத்தடையில் அந்தச் சத்தம் குறைகிறதா என்று பாருங்கள். அப்போது பார் முறுக்கிக்கொள்ளாது, லிங்க் ராடுக்கும் வேலை குறைவு. பிரேக் பிடிக்கும்போதோ ரிவர்ஸ் எடுக்கும்போதோ ஒரே ஒரு 'டொக்' என்றால் சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷையும் எஞ்சின் மவுண்டையும் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துக்கொண்டு நகரும்போது அடுத்தடுத்து 'டிக் டிக்' வந்தால், அது சஸ்பென்ஷனே இல்லை. எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளிப்பக்க மூட்டு, அதாவது சிவி ஜாயிண்ட்.

நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது 'டங்' என்று ஸ்பிரிங் துள்ளினால் ஸ்ட்ரட்டின் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) டாப் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கலாம், ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உடைந்தும் இருக்கலாம். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கம் உள்ளங்கையை வைத்தால் துள்ளல் கையில் தெரியும். ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே மட்டும் விரலை விட்டுவிடாதீர்கள்.

பிரேக்கைக் கணக்கில் எடுக்காமல் விடுவது

இதற்கு ஒரு நிமிடம் போதும். சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக் பெடலை லேசாகத் தொட்டபடி ஓட்டுங்கள். சத்தம் சட்டென்று நின்றால் பிரேக் பேடோ, பேடை அழுத்தும் காலிப்பரின் பின்னோ ஆடுகிறது. பேடைப் பிடித்திருக்கும் கிளிப் விழுந்திருந்தாலும் இதே கதைதான்.

தொங்கவிட்டுச் சோதிப்பது

என் காரில் எல்லோரும் ஏமாந்தது இங்கேதான். ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கி, லிங்க் ராடைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்கள். கல்லு மாதிரி நின்றது. "இது நல்லாருக்கு" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

ஸ்டெபிலைசர் பார் இரண்டு பக்கத்துச் சக்கரங்களையும் இணைக்கிற கம்பி. ஒரு சக்கரம் தொங்கி மற்றது தரையில் இருந்தால் கம்பி முறுக்கிக்கொண்டு லிங்க் ராடை இழுத்துப் பிடிக்கும். லிங்க் ராடின் முனையிலுள்ள தேய்ந்துபோன பந்து தன் கிண்ணத்தின் ஒரு பக்கமாக அழுந்தி உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் எவ்வளவு பலமாக ஆட்டினாலும் ஆட்டம் தெரியாது. இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் நிற்க, ஆள் அடியில் இறங்கிப் பார்க்கிற குழி, அதாவது பிட் கிடைத்தால் அதைவிட நல்லது வேறில்லை.

எனக்குக் கடைசியில் விடை கிடைத்தது பிட்டில்தான். மேலே ஒருவர் வண்டியைப் பக்கவாட்டில் குலுக்க, கீழே நான் லிங்க் ராடின் மேல் முனையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றேன். காதுக்கு எதுவும் கேட்கவில்லை. விரல் நுனியில் மட்டும், நகத்தால் மேசையைத் தட்டுவது போல, ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு தட்டு. ரப்பர் உறையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் கீறல். உள்ளே கிரீஸ் இல்லை, துருப்பிடித்த தண்ணீர்தான் இருந்தது.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் இரண்டு பக்க லிங்க் ராடையும் கழற்றி வைத்துவிட்டு, பார் எங்கும் இடிக்காதபடி பார்த்துக்கொண்டு, அதே சாலையில் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். வளைவில் வண்டி அதிகமாகச் சாயும், அதனால் வேகம் கூடாது. சத்தம் போய்விட்டால் ஒரு பாகமும் வாங்காமலே விடை கிடைத்துவிட்டது.

லோயர் ஆர்மைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் பந்து மூட்டான பால் ஜாயிண்டுக்குக் கணக்கு வேறு. மக்பர்சன் ஸ்ட்ரட் வண்டிகளில் எடை ஸ்ட்ரட் வழியாகப் பாடிக்குப் போகிறது. கீழே உள்ள பால் ஜாயிண்ட் அந்த எடையைச் சுமப்பதில்லை. எனவே சக்கரத்தைத் தொங்கவிட்டு, கடப்பாரைக் கம்பியால் நெம்பிப் பார்க்கலாம். ஸ்பிரிங் லோயர் ஆர்மின் மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டிகளில் அப்படிச் செய்தால் ஸ்பிரிங் ஆர்மை அழுத்திக்கொண்டு ஆட்டத்தை மறைத்துவிடும். அங்கே ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்டுக்குப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். எந்த வண்டியானாலும் வெறும் ஜாக்கியை நம்பி அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான்.

சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டுவது எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் தெரிந்தவுடன் "பேரிங்" என்று முடிவு கட்டுவதுதான் தவறு. ஒருவரை பிரேக் பெடலை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயிண்டோ அதற்கு மேலே உள்ளதோ. 9 மணி, 3 மணி இடங்களில் மட்டும் ஆட்டம் என்றால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டையும் ராக் எண்டையும் பாருங்கள்.

ரப்பர் அசைவதைப் பழுது என்பது

நீளமான கம்பியால் நெம்பினால் புத்தம் புது புஷ்ஷும் அசையும். அசைவதற்காகத்தான் அது ரப்பர். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்பு இருப்பதும் வயதின் அடையாளம், அவ்வளவுதான். ரப்பர் இரும்பிலிருந்து பிரிந்திருக்கிறதா, உள்வரை கிழிந்திருக்கிறதா, இரும்பும் இரும்பும் முட்டுகிறதா என்று பாருங்கள். மறுபக்கத்துப் புஷ்ஷோடு ஒப்பிட்டால் சந்தேகம் தீரும். சில வண்டிகளில் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷுக்குள் திரவம் இருக்கும். அதில் கறுப்பாக ஒழுகிய தடம் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றலாம். சத்தத்தை அடக்க எஞ்சின் ஆயிலை ரப்பரில் அடிக்காதீர்கள், ரப்பர் ஊறிப் பாழாகும்.

புதுப் பாகத்தை மாட்டும்போதே கெடுப்பது

லோயர் ஆர்ம் மாற்றும்போது சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையிலேயே புஷ் போல்ட்டை முழுதாக முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிக்கொண்டே இருக்கும். புது ரப்பர் சீக்கிரமே கிழிந்து, அதே சத்தம் திரும்பி வரும், பழி பாகத்தின் தரத்தின் மேல் விழும். போல்ட்டைக் கையால் போட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் வந்த பிறகுதான் கடைசி முறுக்கு. எவ்வளவு டார்க் (முறுக்கும் அளவு) என்று அந்த வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும்.

ஸ்ட்ரட் மாற்றிய மறுநாளே சத்தம் வந்தால் டாப் நட் இறுகியிருக்கிறதா, ஸ்பிரிங்கின் முனை அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சக்கர நட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். பேட்டரி கிளாம்ப், எஞ்சினுக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் ஷீல்டு, சைலன்சரின் வெப்பத் தகடு எல்லாம் சஸ்பென்ஷன் மாதிரியே சத்தம் போடக்கூடியவை.

லோயர் ஆர்ம், ஸ்ட்ரட், டை ராடு எண்டு எதைத் தொட்டாலும் வீல் அலைன்மெண்ட் பாருங்கள். பிறகு சத்தம் வந்த அதே சாலையில், அதே வேகத்தில், கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

பால் ஜாயிண்டில் ஆட்டம் உறுதியானால் மட்டும் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். லிங்க் ராடு முறிந்தால் சத்தமும் சாய்வும்தான் கூடும். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கி, ஸ்டீயரிங் கையில் இருந்தும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. வண்டியை நின்ற இடத்திலிருந்து டோ செய்து கொண்டுபோங்கள்.