கத்தியும் டோமஹாக்கும் இடுப்பில் உறுத்தாமலிருக்க

கத்தியையும் டோமஹாக் என்னும் கைக்கோடரியையும் ஒரே பெல்ட்டில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும்போது எல்லாம் பொருத்தமாகவே தோன்றும். குனிந்து, மண்டியிட்டு, விழுந்து கிடக்கும் மரத்தின்மீது உட்கார்ந்து பார்க்கும்போதுதான் குறை தெரியவரும். ஆகவே, எந்த ஏற்பாட்டையும் உட்கார்ந்து பார்த்த பிறகே முடிவுசெய்ய வேண்டும்.

கால்சட்டையின் மெல்லிய பெல்ட் இதற்குப் போதாது. கோடரியின் எடை அதை ஒரு பக்கமாக இழுத்து வெளிப்புறம் முறுக்கிவிடும். நான்கு முதல் ஐந்து செ.மீ. அகலமும் ஏறத்தாழ 4 மி.மீ. தடிப்பும் உள்ள தோல் பெல்ட் ஒன்றைச் சட்டைக்கு மேலே தனியாகக் கட்டிக்கொண்டால், எடை பரவலாக இறங்குவதோடு, ஓய்வெடுக்கும்போது எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றி வைக்கவும் முடியும்.

கத்தி, பழகிய கையின் பக்கம், இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். முன்னால் வைத்தால் குனியும்போது உறையின் நுனி தொடையில் குத்தும். பெல்ட்டோடு இறுகப் பொருந்திய நீண்ட உறையானால், உட்காரும்போது இருக்கை அதன் நுனியை மேலே தள்ள, கத்தியின் பிடி விலாவில் இடிக்கும். உறையை ஒரு தோல் வளையத்திலிருந்து தொங்கவிட்டால் அது தானாக விலகிக்கொள்ளும். உறையோடு கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, கைபடாத இடத்தில் மெல்ல உதறினாலும் கத்தி நழுவக்கூடாது.

டோமஹாக்குக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் அல்கோன்கியன் மொழிகளிலிருந்து பெயர் பெற்ற இக்கருவியின் எடை பெரும்பாலும் தலைப்பகுதியிலேயே இருக்கிறது. காம்போ பெரும்பாலும் 40 முதல் 50 செ.மீ. நீளமுடையது. தலை பெல்ட்டுக்கு மேலும் காம்பு கீழுமாகக் கத்திக்கு எதிர்ப்பக்கத்தில், இடுப்பின் பின்புறமாகச் சற்றே சாய்த்துச் செருகினால், நடக்கும்போது காம்பு தொடையில் மோதாது. முதுகெலும்புக்கு நேராக மட்டும் வைக்கவே கூடாது. மல்லாந்து விழுந்தால் அங்கே பலத்த அடிபடும்.

கோடரியின் வாய் உடலுக்கு எதிர்ப்புறம் நோக்கியிருந்தாலும், வீசி நடக்கும் கை அதன்மேல் உரசும் என்பதால், தடித்த தோல் உறை இல்லாமல் கிளம்பவே கூடாது. உறையின் தையலுக்கு உட்புறம் ஒரு தோல் பட்டையை வைத்துத் தைத்தால்தான் கூர்முனை நூலை அறுக்காது. பின்பக்கத்தில் முள் உள்ள வகையானால் அதையும் மூட வேண்டும்.

மரபான டோமஹாக்கின் தலை, குந்தாலியைப் போலவே காம்பின் அடிப்பக்கத்திலிருந்து ஏற்றிப் பொருத்தப்படுவது. தலை பெல்ட்டின்மேல் தங்கியிருக்க, நாம் உட்காரும்போது காம்பின் அடி மரத்தில் முட்டினால், காம்பு மேலே எழும்பித் தலை தளர்ந்துவிடும். வறண்ட நாளில் காம்பின் மரம் சுருங்கியிருந்தால் இது இன்னும் எளிதாக நேரும். என் கோடரியில் இதைப் பார்த்த நாள்முதல், உட்காருமுன் அதை உருவி அருகில் வைத்துவிடுகிறேன். எழுந்ததும் தலையைப் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்த பிறகே செருகுகிறேன்.

இடுப்புப் பட்டை கொண்ட முதுகுப்பையைச் சுமப்பவர்கள், அதே இடத்தில் இன்னொரு பெல்ட்டைத் திணிக்காமல், கோடரியைப் பையின் பக்கவாட்டில் கட்டிக்கொள்வதே மேல். பொது இடங்களில் இவற்றை ஏந்திச் செல்வதற்கான சட்டம் இடத்துக்கு இடம் மாறுவதால், அதை முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு முன் வீட்டில் அரைமணி நேரம் அணிந்து, படியேறி இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்து, காலணிக் கயிற்றைக் குனிந்து கட்டிப் பாருங்கள். கழற்றியதும் தோலில் எங்கே சிவந்திருக்கிறதோ, அங்கிருந்து இரண்டு விரற்கடை தள்ளி வளையத்தை நகர்த்துங்கள்.